அறுநூற்றி முப்பத்தெட்டாம் நாள்

சோக்கட்டி பனிக்கு ஊறிப்போய்க் கிடக்கு, பலகையில வைச்சு இழுத்தால் கோடு விழுகுதில்லை, வழுக்குது. சட்டையில துடைச்சுப் போட்டுத் திரும்ப எழுதினன். 1412. கடைசி இரண்டுக்கு வால் நீண்டு போச்சு, அழிச்சு எழுதப் பஞ்சியாக் கிடந்தது, இருக்கட்டும். விடிய ஆறு மணி. செசிலியா அக்கா கதிரையை விரிச்சு, சுடுதண்ணிப் போத்திலைக் காலுக்குக் கீழ வைச்சு, செபமாலையைக் கையில எடுத்திட்டா. றோட்டுக்கு அங்கால கடற்படையின்ர கம்பிவேலி, வேலிக்குப் பின்னால எங்கட ஊர் சந்தியாம்பாடு, றோட்டுக்கு இஞ்சால இந்தத் தகரக் கொட்டில், கொட்டிலுக்குள்ள நாங்கள் ரெண்டு பேர். எங்கட காணியைத் திரும்பத் தாங்கோ எண்டு கேட்டு இருக்கிற இருப்பில இண்டைக்கு ஆயிரத்து நானூற்றிப் பன்னிரண்டாம் நாள். ஆர் கேட்டாலும் சொல்லலாம் எண்டுதான் பலகையில எழுதுறது, இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஆறேகால் பஸ் போகுது. முதல் வருசம் டிறைவர் கொட்டிலைக் கண்டால் ஒரு ஹோன் அடிச்சுப் போட்டுத்தான் போவான், பெட்டையள் யன்னலால கை காட்டுவாளவை. இப்ப அவன் திரும்பியும் பாக்கிறேல்லை. அவனில பிழையில்லை, தினம் காணிற பூவரசுக்கு ஆர் ஹோன் அடிக்கிறது. குளிர் காத்து, நல்ல காத்து, கடல் மணக்குது, வேலிக்கு அங்கால இருந்துதான் வருது, காத்துக்கு ஒருத்தரும் அடையாள அட்டை கேக்கிறேல்லை. மத்தியானம் கிராம அலுவலர் விதானையார் அரசாங்கக் கடிதத்தோட வருவார். அதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வரவேணும். ஆறு மணித்தியாலம் கிடக்கு, அது காணும்.

கடிதம் பெரிசா ஒண்டுமில்லை, ஒரு பக்கம். கற்குளத்தில, கடலுக்கு ஆறு மைல் தள்ளி, இருபது பேர்ச் காணியும் ஓட்டு வீடும் தருவினம், அதுக்குச் சந்தியாம்பாட்டுக் காணியில எனக்கு இனி உரித்தில்லை எண்டு கையெழுத்து வைக்கவேணும். இண்டைக்குத்தான் கடைசித் தேதி. அறுபத்தொரு குடும்பமாத் தொடங்கின நாங்கள் இப்ப பத்தொன்பது. மற்றவை வைச்சிட்டினம், அவையை ஒரு சொல்லும் நான் சொல்லமாட்டன், சொல்ல எனக்கு முகமில்லை, அது ஏனெண்டு பேந்து சொல்லுறன். என்ர மனுசன் குருசுமுத்துவின்ர காணியெண்டால் இந்தக் கதை எப்பவோ முடிஞ்சிருக்கும். காணி என்ர. அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது, உறுதிப் பத்திரம் எமில்டா எண்ட என்ர பேரில, அவர் ஆயிரம் கையெழுத்து வைச்சாலும் செல்லாது. கலியாணம் முடிச்ச புதிசில இதைச் சொல்லித்தான் அவரைப் பகிடி பண்ணுவன், என்ர வளவுக்குள்ள நிண்டுகொண்டு எனக்கே அதிகாரமோ எண்டு. அந்தப் பகிடி சுத்தி வந்து இப்ப என்ர தலையில குந்தியிருக்கு. விடிய நான் வெளிக்கிடேக்க அவர் பாயில இருந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருசம் கரைவலை இழுத்த முழங்கால், இப்ப ஆரோ ஒருத்தற்ர ஐஸ் வாடியில மீன் பெட்டி தூக்குது, இண்டைக்குத் தூக்கேலாமல் வீட்டில நிண்டிட்டார். "மத்தியானம் விதானையார் வருவார்" எண்டார். "தெரியும்" எண்டன். "நீ என்ன செய்தாலும் எனக்குச் சரி. சாப்பாடு நான் கொண்டு வாறன்." அப்பிடிச் சொல்லாமல், வை எண்டு சொல்லியிருந்தால் நான் சண்டை பிடிச்சிருப்பன், சண்டை பிடிச்சிருந்தால் எனக்கு என்ர மனம் விளங்கியிருக்கும். எனக்கு வாய் திறந்தாத்தான் மூளை திறக்கும், அது பிறவிக் குணம். மனுசன் எண்ணெயைத் தேய்ச்சுக்கொண்டு அங்கால பாத்திட்டுது. தங்கச்சியின்ர வளவில தகரக் கூரைக்குக் கீழ, மழைக்கு ஒரு பக்கம், வெயிலுக்கு ஒரு பக்கம், பாயை இழுத்து இழுத்துப் பதின்மூண்டு வருசம் போச்சு. ஓட்டு வீடு எண்டு விதானையார் முதல் முதல் சொல்லேக்க இந்த மனுசன்ர கண் எங்க போகுதெண்டு நான் பாத்தனான். மேல கூரைக்குப் போனது.

செசிலியா அக்காவுக்கு மணி உருளுது, வாய் அசையுது, இடைக்கிடை கண்ணைத் திறந்து றோட்டைப் பாக்கிறா. ஆண்டவரோட கதைக்கேக்கயும் போற வாற ஆக்களைப் பாக்கவேணும் அவவுக்கு. போன மாதம் கொழும்பில இருந்து ஒரு பிள்ளை வந்தவ, படிச்ச பிள்ளை, தமிழ் வடிவாக் கதைச்சா. ஒரு ரெக்கோடரை என்ர மடியில வைச்சுப் போட்டுக் கேட்டா, "இவ்வளவு காலமும் விடாமல் நீங்கள் போராடுறதுக்கு என்னம்மா காரணம்?" நான் யோசிக்கேல்லை, "எங்கட நிலம் எங்களுக்கு வேணும்" எண்டன். அது எப்பவும் ரெடியாக் கிடக்கிற பதில், கொட்டிலுக்கு வாற எல்லாருக்கும் குடுக்கிறது, பிளேன்ரீயோட சேத்து. அவ சந்தோசமாப் போயிட்டா. கேள்வி போகேல்லை. பல்லிடுக்கில மாட்டின முள்ளு மாதிரி, நாக்கு வேற வேலையில்லாமல் அங்கதான் போகுது. நிலமோ எண்டு கேட்டால், நிலம்தான், ஆனால் கண்ணை மூடினால் வளவு இப்ப முழுசா வருகுதில்லை. கிணறு வேம்புக்குக் கிழக்கையோ மேற்கையோ எண்டு போன கிழமை எனக்கும் என்ர மனுசனுக்கும் தர்க்கம், கடைசியில ரெண்டு பேருக்கும் நிச்சயமில்லை, பேசாமல் படுத்திட்டம். பாதி மறந்துபோன ஒண்டுக்காக ஒருத்தி இவ்வளவு நாள் குந்தியிருப்பாளோ. பிடிவாதமோ எண்டால், என்ர பிடிவாதம் நாலு நாளுக்கு மேல நிண்டதில்லை, அஞ்சாம் நாள் நானே போய்க் கதைச்சிடுவன். பயமோ. ஓம், கொஞ்சம் பயம், முதல் எழும்பிப் போறவள் நானா இருக்கக்கூடாதெண்ட பயம், ஆனால் முதல் போற ஆக்கள் எல்லாம் எப்பவோ போயிட்டினம், இப்ப போனால் நான் நாற்பத்து மூண்டாவது, நாற்பத்து மூண்டாவதை ஆர் கவனிக்கப்போகினம். பழக்கமோ. முறை வந்தால் ரெண்டு நாள், விடிய ஆறிலிருந்து பின்னேரம் ஆறு, ஒரு முறைக்கு ரெண்டு பேர். வெளிக்கிடேக்க "வீட்டுக்குப் போட்டு வாறன்" எண்டு வாயில வந்திடும், கொட்டிலுக்கு எண்டு சொல்லவேண்டிய இடத்தில. எனக்கு மட்டுமில்லை, எங்கட சனம் முழுக்க இந்தப் பிழை விடுது, ஒருத்தரும் திருத்திறேல்லை.

அந்தப் பிள்ளை விடுதலை எண்டும் ஒரு சொல்லுச் சொன்னவ. அந்தச் சொல்லை நாங்கள் வாயில எடுத்துக் கனகாலம். அதைப் பெரிசாச் சொன்ன காலத்தில எங்களுக்குப் பட்டது காணும், அது மைக்கில சொல்லுற சொல்லு, எங்கட வாய்க்கு அளவில்லை. எனக்கு வேண்டியது சின்ன விசயம். விடிய எழும்பி, தலையும் சீப்பால இழுக்காமல், பழைய சட்டையோட, ஆரையும் கேளாமல் கரைக்குப் போகவேணும். போய் என்ன செய்யிறதெண்டு கேட்டால் ஒண்டுமில்லை, தண்ணியில காலை வைச்சுப் போட்டுத் திரும்பி வாறது. ஆரையும் கேளாமல், அவ்வளவுதான். வருசத்தில ஒருக்காத் திருநாளுக்கு எங்களைக் கோயிலுக்கு உள்ள விடுவினம், வாசல்ல பேர் பதிஞ்சு, அட்டையைக் குடுத்து, வரிசையில. போன ஆடியில பூசை முடிய நான் மெல்ல நழுவி என்ர வீட்டைப் போய்ப் பாத்தன். அது இப்ப கடற்படைக்காரருக்கு மயிர் வெட்டுற இடம். குசினியில பெரிய கண்ணாடி, அடுப்புக்கட்டில கத்தரிக்கோல், பவுடர் டப்பா, நிலம் முழுக்க மயிர். வெட்டுற பொடியன் நல்ல பிள்ளை, என்னைக் கண்டவுடன பயந்திட்டான், பேந்து கதிரையைத் துடைச்சு இழுத்துப் போட்டு, "இருங்க அம்மா" எண்டான். மரியாதையாத்தான் சொன்னவன். என்ர அம்மா எனக்குத் தந்த வீட்டில, நான் ரெண்டு பிள்ளை பெத்த வீட்டில, எனக்கு ஒருத்தன் இருங்க எண்டு சொல்லுறான். நான் இருக்கேல்லை. இருந்தால் விருந்தாளியாப் போயிடுவன் எண்டு ஒரு நினைப்பு. கண்ணாடியில என்னைப் பாத்தன், தலை நல்லா நரைச்சிருந்தது, வெளியில வந்திட்டன். அண்டைக்கு வந்த கோபம் ஒரு கிழமை நிண்டது, எட்டாம் நாள் அதுவும் போட்டுது, அதால கோபமும் பதிலில்லை.

வேலிக்கு அங்கால காவல் கூட்டில கொப்பிக்காரர் வந்திட்டார். பேர் தெரியாது, நான் வைச்ச பேர் அது. வயிறு வண்டி வைச்ச, பென்சன் எடுக்கிற வயசு மனுசன், ரெண்டரை வருசமா இந்தக் கூட்டில அவர்தான் பகல் காவல். வந்தவுடன ஒரு கொப்பியை விரிச்சு எங்கட பலகையைப் பாத்து நம்பரை எழுதுவார், அது அவருக்கு விதிச்ச வேலை. இப்பவும் எழுதுறார், 1412, வால் நீண்ட இரண்டைப் பாத்து ஒருக்காக் கண்ணைச் சுருக்கிறார். இந்த உலகத்தில எங்கட கணக்கை எங்களை விடக் கவனமா வைச்சிருக்கிறது அவர்தான். அதில ஒரு நாள் பிழையெண்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பற்றிப் பேந்து சொல்லுறன் எண்டன், பேந்து பேந்து எண்டு ரெண்டு வருசம் போச்சு, செசிலியா அக்காவுக்குச் சொல்லேல்லை, என்ர மனுசனுக்குச் சொல்லேல்லை, பாவசங்கீர்த்தனத்தில சுவாமியாருக்கும் சொல்லேல்லை. அறுநூற்றி முப்பத்தெட்டாம் நாள் கொட்டிலில ஒருத்தரும் இருக்கேல்லை. என்ர முறை. அந்த முறை அக்கா கண் ஒப்பரேசனுக்குப் பெரியாஸ்பத்திரியில, நான் தனிய. மார்கழி மழை, தகரத்தில கொட்டுது. வழக்கமா என்ர மனுசன் அஞ்சு மணிக்கு வாடிக்கு வெளிக்கிடேக்க என்ர தோளில ஒரு தட்டுத் தட்டிப்போட்டுப் போவார், நான் எழும்பிடுவன். அண்டைக்கு அந்தத் தட்டு ஞாபகமில்லை. ஆனால் அவரைச் சாட்டேலாது, அஞ்சரைக்கு நானே முழிச்சிட்டன். காய்ச்சலெண்டு சொல்ல எனக்கு ஆசைதான், காய்ச்சல் இல்லை, தலையிடி இல்லை, ஒண்டும் இல்லை. முழிச்சு, மழையைக் கேட்டு, இண்டைக்கு ஒரு நாள் எண்டு நினைச்சு, போர்வையை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தன். எட்டு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சன், தலைக்கு எண்ணெய் வைச்சன், சூடை மீன் பொரிச்சன், பகல் திரும்பப் படுத்தன். எவ்வளவு சுகமாக் கிடந்தது. ஆரையும் கேளாமல். அதை நினைக்கத்தான் பயமாக் கிடக்கு, நான் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்த சாமான் அண்டைக்கு ஒரு நாள் என்ர பாயில கிடந்ததோ எண்டு. கொட்டிலுக்குள்ள எங்கட புனிதர் சந்தியோகுமையோற்ர சுரூபம் இருக்குத்தானே, ஒரு காலுடைஞ்ச குதிரையோட, அவர் இருந்தவர்தானே, அப்ப கொட்டில் வெறுமையில்லைத்தானே எண்டு பின்னேரம் ஒரு நியாயம் கண்டுபிடிச்சன். தொடங்கின நாள் அதே சுரூபத்துக்கு முன்னால நிண்டுதான் அறுபத்தொரு குடும்பமும் சொன்னது, ஒரு நாள்கூடக் கொட்டில் வெறுமையாக் கிடக்காது எண்டு. அந்த நியாயம் இரவுச் சாப்பாடு வரைக்கும் நிண்டது.

அடுத்த நாளும் என்ர முறைதான். வந்து பாத்தால் பலகையில 637, தூவானம் பட்டு அரைவாசி கரைஞ்சு. நான் 639 எண்டு எழுதினன். 638 எண்டு உண்மையை எழுதியிருக்கலாம், எழுதினால் தேதியோட இடிக்கும், ஆராவது கேப்பினம். எழுதிப்போட்டுத் திரும்பினால் கொப்பிக்காரர் கூட்டை விட்டு இறங்கிக் கம்பிக்குக் கிட்ட வந்து நிக்கிறார். "அம்மா, நேத்து இல்ல" எண்டார். நான் கையில இருந்த சோக்குத் தூளைத் துடைச்சன். "முடிஞ்சதா?" எண்டார். நக்கல் இல்லை அதில, அப்பிடியெண்டால் நான் நாலு கேட்டிருப்பன். அந்த மனுசன்ர முகத்தில அப்பிடி ஒரு ஆசை. இஞ்ச இது முடிஞ்சால்தான் தனக்கு ஊர்ப்பக்கம் மாற்றம் கிடைக்குமெண்டு முந்தி ஒருக்காச் சொன்னவர், மகள் ஒருத்தி சோதினை எழுதப்போறாள் எண்டும் சொன்னவர். அவருக்கும் வீட்டுக்குப் போகவேணும். "இல்லை, எனக்குச் சுகமில்லை" எண்டு பொய் சொன்னன். "ஆ" எண்டு தலையை ஆட்டிப்போட்டு, திரும்பிப் போய்க் கூட்டில ஏறினார், ஏறினவிதத்தில வயசு தெரிஞ்சுது. அதுக்குப் பேந்து நான் ஒரு முறையும் விடேல்லை. காய்ச்சலோடயும் வந்தன், மகளின்ர பிள்ளைக்கு ஞானஸ்நானம் எண்டு எல்லாரும் வவுனியாவுக்குப் போகேக்கயும் இஞ்ச இருந்தன். பதில் அதுதானோ. ஒரு நாள் முழுக்க, ஒரு மனுசன்ர தலைக்குள்ள, சந்தியாம்பாடு முடிஞ்சு போச்சு, அதுக்குக் காரணம் நான், சூடை மீன் பொரிச்சுக்கொண்டிருந்த நான். இதை அந்தக் கொழும்புப் பிள்ளைக்குச் சொல்லேலுமோ. வெட்கத்தால இருக்கிறன் பிள்ளை எண்டு சொல்லேலுமோ. அவ ரெக்கோடரை நிப்பாட்டியிருப்பா. இன்னொண்டு, அண்டையோட என்ர மனுசன் என்னைத் தட்டி எழுப்புறதை விட்டிட்டார். நான் போனில மணி வைச்சு எழும்பப் பழகிட்டன். ஏனெண்டு நான் கேக்கேல்லை. மனுசனுக்கு இந்த இருப்பில நம்பிக்கை விட்டுப்போச்சு, அதுதான் எழுப்புறேல்லை எண்டு எடுத்துக்கொண்டன், கேட்டால் ஓம் எண்டிடுவாரோ எண்டு கேக்கேல்லை.

பத்து மணி வெயில் வந்திட்டுது. அக்கா போத்திலைத் திறந்து மூடியில ஊத்தித் தந்தா, சீனி கூட. "என்னடி பேசாமல் இருக்கிறாய், உனக்கு அது ஏலாதே" எண்டா. "ஒண்டுமில்லையக்கா." "விதானை வாறதை நினைக்கிறாய்." "ம்." "நான் ஒண்டும் சொல்லமாட்டன். எனக்கெண்டால் ஆருமில்லை, ஓட்டு வீட்டில தனிய இருந்து நான் ஆரோட கதைக்கிறது, அதால இருக்கிறன். உனக்குப் புருசன் இருக்கிறான். யோசிச்சுச் செய்." பாத்தீங்களே, அவவுக்கும் ஒரு பெரிய காரணமும் இல்லை, கதைக்க ஆள் வேணுமாம். யோசிச்சன். வைப்பம் எண்டு வந்தது. ஏன் வைக்கக்கூடாது. எனக்கு அம்பத்தி மூண்டு, அவருக்கு அறுபதாகப் போகுது, முழங்கால் ரெண்டும் போச்சு, இன்னும் எத்தினை மழைக்கு அந்த மனுசன் பாயைச் சுருட்டுறது. காணி கிடைச்சாலும் அதில ஆர் வலை இழுக்கிறது, மகன் பிரான்சில, மகள் வவுனியாவில. போதும் எண்டு ஒரு சொல்லிருக்கு, நல்ல சொல்லு, சாப்பிடேக்க சொல்லுறம், சந்தோசமாச் சொல்லுறம், இதில மட்டும் ஏன் சொல்லக்கூடாது. சொல்லிப் பாத்தன், வாய்க்குள்ள, போதும். ஒண்டும் இடியேல்லை. காத்து அப்பிடியே வந்துகொண்டிருந்தது. கையெழுத்து எப்பிடி வைக்கிறதெண்டு விரலால மடியில எழுதிப் பாத்தன், எமில்டா, ட வளைஞ்சு வந்தது. மனம் இறங்கிப்போய், கனகாலத்துக்குப் பிறகு லேசாக் கிடந்தது. அண்டைக்குப் பாயில கிடந்த மாதிரி. அந்த நினைப்பு வந்தவுடன லேசு கொஞ்சம் குறைஞ்சுது, ஆனால் போகேல்லை.

பதினொண்டே முக்காலுக்கு விதானையாரின்ர மோட்டச்சைக்கிள் வந்தது. கொப்பிக்காரர் கூட்டில எழும்பி நிண்டு பாக்கிறார், அவருக்கும் தெரியும் போல. விதானையார் நல்ல மனுசன், எங்கட ஆள், பாரத்துக்கு நடுவில அம்பிட்ட மனுசன். ஹெல்மெட்டைக் கழட்டி, சுரூபத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, கடிதக் கோவையைத் திறந்தார். "என்ன தங்கச்சி, யோசிச்சீரே?" "ஓமய்யா, தாங்கோ." அவருக்கு நம்பேலாமல் போச்சு. கடிதத்தை என்ர மடியில வைச்சு, பேனையைத் திறந்து தந்தார். அக்கா செபமாலையைப் பாத்துக்கொண்டிருக்கிறா, மணி உருளேல்லை. பேனையைப் பிடிச்சன், கோடு போட்ட இடத்தில வைச்சன். அவர் என்னைத் தேற்றிறதெண்டு நினைச்சுப் பலகையைப் பாத்துச் சொன்னார், "இதில கவலைப்பட ஒண்டுமில்லை. ஆயிரத்து நானூற்றிப் பன்னிரண்டு நாள். ஒரு நாள்கூட விடாமல் இருந்தனீங்கள். இனி உங்களை ஒருத்தரும் குறை சொல்லேலாது." எமில்டாவின்ர எ பாதியில நிண்டிட்டுது. ஒரு நாள்கூட விடாமல். மனுசன் மனதாரச் சொல்லுறார், கள்ளம் தெரியாமல் சொல்லுறார், நான் தலையாட்டவேணும், தலையாட்டினால் இந்தக் கடிதத்தோட அந்தப் பொய்யும் கோவைக்குள்ள போய்ப் பூட்டப்படும், பேந்து ஒருநாளும் எடுக்கேலாது. நான் பேனையை மூடிக் கதிரையில வைச்சுப் போட்டு எழும்பினன். துணியை எடுத்தன். வால் நீண்ட இரண்டை அழிச்சன், ஒண்டு எழுதினன். 1411. "என்ன செய்யிறீர்?" எண்டார் விதானையார். "பிழையாக் கிடந்தது, ஐயா. ஒரு நாள் நான் வரேல்லை. என்ர முறை, மழை பெய்தது, வீட்டில படுத்துக் கிடந்தனான். கொட்டில் வெறுமையாத்தான் கிடந்தது." அக்காவைப் பாக்கப் பயமாக் கிடந்தது, பாக்காமல் நிண்டன்.

கதிரை கிரீச்செண்டு சத்தம் போட்டுது. செசிலியா அக்கா எழும்பி வாறா, செபமாலையைக் கழுத்தில போட்டுக்கொண்டு, காலால நிலத்தைத் தடவித் தடவி. என்ர கையில இருந்து துணியையும் சோக்கையும் வாங்கினா. கடைசி ரெண்டு இலக்கத்தையும் அழிச்சு எழுதினா. 1409. "என்ர மனுசன் ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கேக்க" எண்டா, பலகையைப் பாத்துக்கொண்டே, "நீ என்னோட சேர முந்தி, அவரும் நானும்தான் ஒரு முறை. முறை ரெண்டு நாளும் நான் அங்கதான் நிண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை." கொஞ்சம் யோசிச்சா. பேந்து ஒன்பதை அழிச்சுப் பத்தாக்கினா, 1410. "ரெண்டாம் நாள் பத்து மணிக்கு ஓடி வந்திட்டன். அதை நான் விடமாட்டன், அது கணக்குத்தான்." எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டும் ஒண்டா வந்தால் முகம் எப்பிடி இருக்குமோ, விதானையார் அங்கால பாத்திட்டார். "அப்ப இந்தக் கையெழுத்து, தங்கச்சி?" எண்டார் மெல்ல. "எனக்கு இன்னும் ஒரு நாள் இருக்கவேண்டிக் கிடக்கு, ஐயா. அக்காவுக்கும் ஒரு நாள். முதல் அதை இருந்து முடிப்பம்." "இண்டைக்குக் கடைசித் தேதி." "தெரியும்." அவர் பாதி எ எழுதின கடிதத்தை எடுத்து, கிழிக்காமல், மடிச்சுக் கோவைக்குள்ள வைச்சார். கம்பிக்கு அங்கால கொப்பிக்காரர் பலகையையும் கொப்பியையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிக்கிறார். "அம்மா, நம்பர் பிழை" எண்டு கத்தினார். "இப்பதான் சரி, உங்களுக்குத் தெரியும்தானே" எண்டன். அவர் கூட்டில திரும்ப இருந்து, கொப்பியில எதையோ வெட்டி எழுதினார்.

விதானையார் போன கையோட என்ர மனுசன் சைக்கிள்ல வாறார், மிதிக்கேலாமல் அரைவாசித் தூரம் உருட்டிக்கொண்டு, காண்டில்ல சாப்பாட்டுப் பை தொங்குது. தூர இருந்தே அவருக்குப் பலகை தெரியும். கிட்ட வந்து சைக்கிளைப் பூவரசில சாத்திப்போட்டு நிண்டு வாசிச்சார். அவர் வந்தவுடன என்ன சொல்லுறதெண்டு நான் அடுக்கிக்கொண்டிருந்தன், கூரையைப் பற்றி, முழங்காலைப் பற்றி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு. "வைக்கேல்லை" எண்டன். "இண்டைக்குப் பன்னிரண்டெல்லோ" எண்டார், பலகையைக் காட்டி. "ஒண்டு என்ர" எண்டன், "ஒண்டு அக்காவின்ர. மார்கழியில ஒரு நாள், அக்கா ஒப்பரேசனுக்குப் போன நேரம்..." "மழை" எண்டார் அவர். நான் நிமிந்து பாத்தன். மனுசன் பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறார், என்னைப் பாக்கேல்லை. "அண்டைக்கு உன்னை நான் தட்டேல்லை. வேணுமெண்டுதான் தட்டேல்லை. நல்ல நித்திரை, வாயைத் திறந்துகொண்டு கிடந்தனீ, அவ்வளவு அசதி. கிடக்கட்டும் எண்டு போயிட்டன். பின்னேரம் வந்து பாத்தால் அடுப்படியில மீன் முள்ளு, நீ போகேல்லையெண்டு விளங்கிச்சுது. அதுக்குப் பேந்து தட்டக் கை வரேல்லை. தட்டினால் நான்தான் உன்னை இதில பிடிச்சு வைச்சிருக்கிறன், தட்டாட்டி நான்தான் இதைக் கெடுக்கிறன். நீயே எழும்பினால் எழும்பு எண்டு விட்டிட்டன்." ரெண்டு வருசம் நான் நம்பிக்கை போனதெண்டு நினைச்சிருந்த மனுசன். அக்கா ஒண்டும் கேக்காத மாதிரிப் போத்திலைக் கழுவப் போனா. அவர் கதிரையில மெல்ல, முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு, இருந்தார். சோத்தைப் பிரிச்சு எனக்குப் பாதியும் தனக்குப் பாதியும் வைச்சார். வேலிக்கு அங்கால எங்கட வேம்பின்ர உச்சி தெரிஞ்சுது, கிணறு அதுக்கு எந்தப் பக்கமெண்டு இப்பவும் நிச்சயமில்லை. ரெண்டு பேரும் சாப்பிட்டம். கை கழுவி, சாறத்தில துடைச்சுப் போட்டு, அவர் பலகையை இன்னொருக்காப் பாத்தார்.

"நாளைக்கு விடியத் தட்டுறன்" எண்டார்.